கீழே என்றால் எங்கே

முடிவெட்டும் கடையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். கத்தரியைவிட வாய் வேகமாக ஓடும். அந்த வாயில்தான் அடிக்கடி புண் வந்தது. வந்தால் ரேடியோ அணைந்துவிடும்.

"என்னண்ணே, இன்னைக்கு ஒலிபரப்பு இல்லையா?" என்று பக்கத்து நாற்காலிக்காரன் சீண்டுவான்.

"சூடுடா" என்பார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

வாய்ப்புண்ணுக்குச் சூடு என்று சொல்லிவிடலாம். கீழே வந்த புண்ணுக்கு? மனைவியைத் தவிர வேறொருத்தியை அவர் தொட்டதில்லை. ஆனால் வந்த இடத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மூச்சு விடவில்லை. குறட்டையைச் சாக்கு சொல்லிக் கூடத்தில் படுத்துக்கொண்டார்.

பிறகு இடக்கண் சிவந்தது. பார்வை புகைமூட்டமாயிற்று. ஒருவரின் காதோரம் கத்தி பட்டு ரத்தம் வரவும், "கண்ணைச் சரிபண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் கத்தியைத் தொடாதீங்க" என்றுவிட்டார் முதலாளி.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பிழைக்க வந்த அந்த வெளிநாட்டிலேயே படித்து வளர்ந்த மகள்தான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"ரத்தத்துல பி-51னு ஒரு மரபணு அடையாளம் இருக்காம்ப்பா. பெஹ்செட்டுனு ஒரு வியாதி, அது வந்தவங்கள்ல நிறைய பேருக்கு இருக்குமாம்."

"அப்ப அதேதானா?"

"அதான் இல்ல. நல்லா இருக்கறவங்களுக்கும் இருக்குமாம். உடம்புல வேற எங்கெல்லாம் புண்ணு வந்திருக்குன்னு தெரிஞ்சாதான் உறுதியாச் சொல்ல முடியுமாம். தெரியாம பலமான மருந்து குடுக்க முடியாதாம். தள்ளிப்போட்டா கண்ணு போயிடுமாம்."

டாக்டரம்மா இன்னொன்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மூக்கு, முழங்கை, கணுக்கால் வரை அவளுக்குத் தமிழ் உண்டு. இதற்கு இல்லை.

"கீழ... ஏதாவது புண்ணு இருக்கான்னு கேக்கறாங்க."

அவருக்குப் புரிந்தது. புரிந்தும் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"காலுலயா? ஒண்ணும் இல்லையே."

"கால் இல்லப்பா."

அவளை வெளியே அனுப்பினால் யார் வாயால் பேசுவது? அந்த ஊர் மொழியில் அந்த இடத்துக்கு ஒரே ஒரு சொல்தான் அவருக்குத் தெரியும். கடைக்கு வரும் ஆண்கள் சிரிக்கும்போது காதில் விழுந்தது. பிள்ளைகள் யாராவது இருந்தால் முதலாளி அதட்டி நிறுத்திவிடும் சொல்.

அதைச் சொன்னார். பெற்ற மகள் பக்கத்தில் இருக்க, ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ஏதோ சொன்னார்.

"இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கலாமாம்" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி. "ஒட்டற வியாதி இல்லையாம். அம்மாகிட்ட..."

"நானே சொல்லிக்கிறேன்" என்றார் அவசரமாக.

வெளியே வந்ததும் கேட்டாள். "அந்த வார்த்தையை எங்கப்பா பிடிச்சீங்க?"

"கடையிலதாம்மா."

"இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. அதுக்கு நல்ல வார்த்தை ஒண்ணு இருக்கு."

"என்னது?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"எழுதித் தரேன்."

"சரிம்மா" என்றார் அவர். லிஃப்ட் வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.