பைபிளம்மா கேட்ட கேள்வி

கிருபாராணி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் நல்ல பெயர் எடுத்திருப்பாள். என்ன செய்வது, அவள் வேலையே பேசுவதுதான். கிருஷ்ணகிரி மிஷனில் அவள் பைபிளம்மா. வெள்ளைப் புடவை, குடை, தோளில் வேதப்புத்தகப் பை. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், பதினாறு வருஷமாகக் குருபரப்பள்ளியில் பஸ் இறங்கி ஊர் ஊராக நடக்கிறாள். கேழ்வரகு திரிக்கிற பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிப்பாள். திரும்புகிற பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வருவாள். அவள் படிப்பெல்லாம் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சின்ன ஊரில் ஓட்டுக்கூரைக் கோயில் ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதகர் ஜான்பீட்டர் வருவார். அவர் திருநெல்வேலிப் பக்கம். பிரசங்கம் சுத்தத் தமிழ். அந்த ஊர்ப் பெண்களுக்கோ தெலுங்குதான் வாயில் வரும். அதனால் அவர் இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்த, கிருபாராணி அதைத் தெலுங்கில் சொல்வாள். இரண்டு நாலாகிவிடுவதும் உண்டு. "அப்படியே மொழிபெயர்த்தால் போதும்மா" என்று போதகர் சொல்லியும் பார்த்துவிட்டார்.

அறுபத்தெட்டில் ஒரு ஞாயிறு. சென்னம்மாவின் மூன்று வயதுப் பெண்ணுக்கு அன்று ஞானஸ்நானம். சென்னம்மா மட்டும் வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்கு உதிரப்போக்கு. கிருபாராணியே இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள், போக்கு குறைந்ததே தவிர நிற்கவில்லை. தூரமான பெண் கோயிலுக்குள் வரக்கூடாது, அவளைத் தொட்டவர்கள் குளித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடவேண்டும். அது அந்த ஊர் வழக்கம். சொந்த வீட்டில் கண்டும் காணாமல் விட்டார்கள், அடுத்த வீட்டிலும் கோயிலிலும் விடவில்லை. தாய் சுகமாகிக் கோயிலுக்கு வரட்டும் என்று ஞானஸ்நானத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் நாத்தனார் மாரம்மாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பிள்ளைய என் கையால ஐயா கிட்ட குடுக்கணும்னு இருந்தேன்மா" என்று காலையில் கிருபாராணியிடம் சொல்லியிருந்தாள் சென்னம்மா.

அன்றைக்கென்று பார்த்து, பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட கதைதான் பிரசங்கம். போதகர் அவளுடைய விசுவாசத்தைப் பற்றி அழகாகப் பேசி முடித்தார். கிருபாராணி முடிக்கவில்லை. அடுத்து இயேசு எங்கே போனார் என்று பெண்களைக் கேட்டாள். யவீரு என்பவன் வீட்டுக்கு என்றார்கள். போய் என்ன செய்தார்? செத்துக்கிடந்த சின்னப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

"நடுவுல ஸ்நானம் சேசினாரா?"

இடுப்பிலிருந்த பிள்ளையை மாரம்மா இறுக்கிப் பிடித்தாள்.

"நான் நிறுத்தி எவ்வளவு நேரமாகிறது! என்னம்மா சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றார் போதகர்.

"அந்தப் பொம்பளை தொட்டப்புறம் அவர் குளிச்சாரான்னு கேட்டேங்கய்யா. குளிக்காமயேதான் போய்ப் பொண்ணு கையைப் பிடிச்சாரு."

போதகருக்கு முகம் சிவந்தது. வேதாகமத்தைத் திறந்தார். விரலை வைத்து வரிவரியாகத் தேடினார். ஒரு பக்கம் திருப்பினார், மறுபடி பின்னால் வந்தார்.

"குளித்ததாக இல்லை" என்றார் கடைசியில். பிறகு மாரம்மாவிடம், "பிள்ளையின் தாய் எங்கே?" என்றார்.

சென்னம்மா வாசலில் தயங்கி நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை மாரம்மா பிடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடியது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, தன் கையாலேயே போதகர் கையில் கொடுத்தாள் சென்னம்மா.

ஆராதனை முடிந்து சாப்பாடு மாரம்மா வீட்டில். கொல்லையில் போதகர் குளிக்க ஒரு அண்டா வெந்நீரும் துண்டும் தயாராக இருந்தன.

"யாருக்கும்மா வெந்நீர்?" என்றார் போதகர்.

மாரம்மா துண்டை நீட்டினாள். அவர் கையை மட்டும் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்துவிட்டார்.

மாரம்மா அண்டாவைப் பார்த்தாள், போதகரைப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று போய்ச் சென்னம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இடுப்பு வலின்னியே. சூடா இருக்குது, வா, ஊத்தி விடறேன்."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை கிருபாராணி மாரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரம்மா பாத்திரம் கழுவினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், பிள்ளைக்குக் களி ஊட்டினாள். குளிக்கவில்லை.