மூடி திறந்தாலும் நூற்றுப்பத்து

நான் இருக்கும் நோர்வேயில் பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பிட வரச் சொன்னால், அவர் தன் இறைச்சியைத் தானே கொண்டுவருவார். முதல் முறை இது நடந்தபோது எனக்கு முகம் கறுத்துப்போனது. "எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ" என்பதை எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் பக்கத்து வீட்டு அர்னேயிடம் சொன்னேன். வேலியின் அந்தப் பக்கம் நின்றபடியே கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து, "எந்த நாள்?" என்று கேட்டார். நாளும் நேரமும் சொன்னேன். சொன்ன நிமிடத்தில் வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் தனக்கு நான்கு சொசேஜ், தனக்கு இரண்டு பியர். நான் விடியவிருந்து என் புகையடுப்புப் பீப்பாவில் புகைபோட்டு இறக்கிய ஆட்டுத்தொடை மேசையில் கிடக்க, மனிதர் பக்கத்துக் கரியடுப்பில் தன் சொசேஜை வாட்டிக்கொண்டு நின்றார். எங்கள் கைச்சமையலை அருவருக்கிறாரோ என்று மனைவி சமையலறைக்குள் குமுறினாள். அடுத்தவனுக்குச் சுமையாகப் போகாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை என்று பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் சொல்லித்தான் விளங்கியது. அர்னே அன்று இரண்டு மணித்தியாலம் பீப்பாவின் பக்கத்தில் நின்றார். உள்ளே இன்னும் என்ன கிடக்கிறதென்று மூடியில் ஒரு விரல் வைத்தும் பார்க்கவில்லை. அதை நான் அப்போது ஒரு விஷயமாக எடுக்கவேயில்லை.

நான் வேலை செய்வது மீன் தொழிற்சாலையொன்றில், சால்மன் மீனுக்குப் புகைபோடும் பிரிவில். வந்த புதிதில் தரை கழுவும் வேலைதான் தந்தார்கள். தரையைக் கழுவிக் கழுவியே புகையறைக் கதவில் எரியும் இலக்கங்களைப் படித்தேன். ஒருநாள் இலக்கம் விடாமல் ஏறுவதைக் கண்டு மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய், அரைகுறை மொழியில் "சூடு! பெரிய சூடு!" என்று கத்தினேன். அந்த அம்மா எனக்குத்தான் வியர்க்கிறதென்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார். அன்று ஓர் அறை மீன் முழுக்கப் போனது. இன்றைக்கு அதே அறைகளின் சூடு என் பொறுப்பில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அந்த வேலையைப் பார்த்துப் படித்துத்தான் என் வீட்டுப் பீப்பாவுக்கும் சின்னப் பெட்டியொன்று செய்தேன். பீப்பாவுக்குள் ஒரு கம்பி முனை சூட்டை அளக்கும். சூடு குறைந்தால் பெட்டி ஒரு சிறு விசிறியைச் சுழற்றிக் கரிக்குக் காற்று ஊதும். கூடினால் விசிறியை நிறுத்தும். வேறு வழியால் காற்றுப் போகாதபடி பீப்பாவை அடைத்துவிட்டால், தீ பெட்டியின் சொல்லைக் கேட்கும். அவ்வளவுதான் வித்தை.

ஒருநாள் என் தங்கை யசிந்தா யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலிருந்து அழைத்தாள். அவளுடைய கணவன் அன்ரனி கடற்றொழில் செய்பவன். தேங்காய் எண்ணெய் வந்த பீப்பாவொன்றை வெட்டி, சுட்டுக் கழுவி, இறைச்சிக்குப் புகைபோடும் அடுப்பாக்கியிருந்தான். யசிந்தா பன்றி இறைச்சிக்கு மிளகும் உப்பும் தடவி அதில் போட்டுப் பழகி, நல்ல கைப்பக்குவம் வந்திருந்தது. யாழ்ப்பாணம் நகரில் ஒரு விடுதியின் சமையற்காரர் சுவைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வியாழக்கிழமையும் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். இறைச்சி பதமாக ஒன்பது, பத்து மணித்தியாலம் வேண்டும். அவ்வளவு நேரமும் ஒரு ஆள் பக்கத்திலிருந்து, பீப்பாவின் ஓட்டைகளைத் திறந்தும் மூடியும் சூட்டைப் பிடிக்க வேண்டும். அவளோ முன்பள்ளி ரீச்சர். அன்ரனி விடியப் போனால் பத்து மணிக்குத்தான் கரைக்கு வருவான். வந்தால் விழுந்து படுப்பான்.

"ரெண்டிலை ஒண்டை விடவேணும் அண்ணை," என்றாள். "பள்ளிக்கூடத்தை விட எனக்கு மனமில்லை. அந்தக் குஞ்சுகளை விட்டிட்டு இருக்க என்னாலை ஏலாது. ஆனா இதுவும் என்ரை கையாலை வந்ததெல்லோ? இதையும் ஏன் விடுவான்?"

"ஒண்டையும் விடாதை. நான் வாறன்," என்றேன். மூன்று கிழமை விடுமுறை எடுத்து, புதிதாகச் செய்த பெட்டியொன்றை உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்திறங்கினேன்.

அன்ரனிக்கு முதலில் முகம் சரியில்லை. தான் செய்த பீப்பாவில் வெளிநாட்டான் வந்து கைவைக்கிறான் என்ற எரிச்சல். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "மச்சான், உந்த மூடியாலை காத்து ஓடுது. உது அடுப்பில்லை, புல்லாங்குழல்," என்றேன். அவன் எழும்பிப்போய், எஞ்சின் புகைக்குழாய்க்குச் சுற்றுகிற, சூடு தாங்கும் கயிற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, மூடியின் விளிம்பு முழுக்க ஒட்டினான். கொளுத்திய தீக்குச்சியை விளிம்பில் பிடித்துப் பார்த்தோம். சுடர் அசையவில்லை. "இப்ப சொல்லுங்கோ மச்சான், என்ன வாத்தியம்?" என்று கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கூட்டாளிகள். பழைய ஓட்டைகளை அடைத்து, அடியில் ஒரு குழாய் வைத்து, கணினி விசிறியொன்றைப் பூட்டினோம். கரண்ட் போனால் என்ன செய்வதென்று யசிந்தா கேட்க, மோட்டார் சைக்கிள் பற்றரியொன்றையும் இணைத்தோம். இங்கே எரிப்பது தேங்காய்ச் சிரட்டைக்கரி. அது பற்றினால் சடாரென்று ஏறும். அதற்கேற்றபடி பெட்டியின் கணக்கை இரண்டு தரம் மாற்றி எழுதினேன்.

திங்கட்கிழமை ஒத்திகை. அன்றைக்குப் பார்த்து விடாத மழை. தகரக் கொட்டிலுக்குள் பீப்பாவை வைத்து, பெட்டியில் நூற்றுப்பத்துப் பாகையென்று அழுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டோம். எட்டு மணித்தியாலம் இலக்கம் நூற்றெட்டுக்கும் நூற்றுப்பன்னிரண்டுக்கும் இடையிலேயே நின்றது. ஒருவரும் தீயைத் தொடவில்லை. அன்றைக்கு அந்த வீட்டு வளவில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமைதான் உண்மையான பரீட்சை. சமையற்காரர் ஐந்து மணிக்கு வருவார். இறைச்சி சரியென்றால் கிழமைக்குக் கிழமை யசிந்தாவிடமே எடுப்பார். விடிய ஐந்தரைக்குத் தீ மூட்டினோம். ஏழரைக்கு அவள் முன்பள்ளிக்குப் புறப்பட்டு, வாசற் படலையில் நின்று திரும்பிப் பார்த்தாள். "போ போ, நானிருக்கிறன், பெட்டியிருக்குது," என்றேன்.

மழை விட்டு நல்ல வெயில். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா வந்தார்.

"தம்பி, நீ என்னவோ மிசின் பூட்டியிருக்கிறியாம். உள்ளுக்கை என்ன நடக்குது? ஒருக்காத் திறவன் பாப்பம்."

திறந்தேன். திறக்காமல் இருப்பேனா? வீட்டுக்கு வந்த ஆளிடம் அடுப்பில் கிடப்பதை மறைத்தால் நம் பக்கத்தில் என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் காட்ட ஆசை. அவர் போக அன்ரனியின் வள்ளத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு கோயில் கூட்டப் போய்க்கொண்டிருந்த மூன்று பெண்கள். பிறகு தன் மச்சாளையும் கூட்டிக்கொண்டு மறுபடி பிலோமினா அக்கா. வந்த எல்லோருக்கும் மூடியை உயர்த்திப் பிடித்து, முனை எது, விசிறி எது என்று வகுப்பெடுத்தேன். பதினொரு மணிக்குள் பத்துத் தரமாவது திறந்திருப்பேன்.

பெட்டிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மூடி திறந்ததும் சூடு விழுந்தது. தீ அணைகிறதாக்கும் என்று அது முழுவீச்சில் காற்றை ஊதியது. நான் மூடியபோது, ஊதி எழுப்பிய சிரட்டைக்கரி ஒட்டுமொத்தமாகக் கனன்றது. கடைசியாக வந்தவர்களை அனுப்பிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இருநூற்றுப்பத்து! விசிறி நின்றுதான் இருந்தது. பற்றிய கரியை யார் அணைப்பது? கொழுப்பு சொட்டி அதிலும் தீப்பிடித்து, இறைச்சி வெளியே கரிந்து உள்ளே பச்சையாகக் கிடந்தது.

பன்னிரண்டரைக்கு யசிந்தா வந்தாள். படலையிலேயே மணத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். "ஆர் ஆர் வந்தது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சமையற்காரரைத் தொலைபேசியில் எடுத்து, அடுத்த வியாழன் வரும்படி கெஞ்சினாள். அதுவும் சரிவராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்றாராம். அந்த வியாழன் கழிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை, எனக்கு விமானம்.

கோபம் என்மேல்தான். ஆனால் அதைத் தூக்கிச் சனத்தின் தலையில் போட்டேன். அன்று பின்னேரமே நகருக்குப் போய்ப் பூட்டொன்று வாங்கிவந்து மேசையில் அடித்து வைத்தேன். "இத்தனை வருசத்திலை அங்கை ஒருத்தன் என்ரை மூடியிலை கை வைச்சதில்லை. இஞ்சை சனத்துக்கு எல்லாத்துக்குள்ளையும் தலையை விட்டுப் பாக்கவேணும்!"

யசிந்தா பூட்டைக் கையில் எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் அடுத்த சனிக்கிழமை போயிடுவியள். நான் இந்தச் சனத்தோடைதான் இருக்கவேணும். இவர் கடலாலை வரப் பிந்தினா முதல் ஓடிவாறது பிலோமினாக்கா. அவவுக்கு நான் பூட்டைக் காட்டுறதோ?"

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"சனம் திறக்கும். திறக்கட்டும். உங்கடை பெட்டிக்கெல்லோ புத்தி காணாது."

சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப்பெட்டியைத் திறந்தவள், கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது.

"இஞ்சை பாருங்கோ. கதவு திறந்தது பிரிட்ஜுக்குத் தெரியுது. உங்கடை பெட்டிக்கு ஏன் தெரியாது?"

எங்கள் தொழிற்சாலையில் புகையறைக் கதவை இடையில் திறக்க ஒருவருக்கும் அனுமதியில்லை. ஆகவே திறந்தால் என்ன செய்வதென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆளே வராத ஊரின் பழக்கத்தையும் சேர்த்துப் பெட்டிக்குள் எழுதிக்கொண்டு, ஆள் ஓயாத வளவுக்கு வந்திருக்கிறேன்!

அடுத்த நாள் நானும் அன்ரனியும் பஸ் நிலையத்துப் பக்கம் பிரிட்ஜ் திருத்தும் கடையொன்றுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். "பெரிய பிரிட்ஜின்ரை சுவிட்ச் ஒண்டு கிடக்கு, கொண்டுபோங்கோ. கதவு திறந்தா லைற் எரியும், உள்ளுக்கை சுத்துற ஃபான் நிக்கும்," என்றார். அதேதான் எங்களுக்கும் வேண்டும். சூடு படாதபடி ஒரு தகட்டை நீட்டி, மூடியின் வெளிப்பக்கத்தில் அன்ரனி அதைப் பொருத்தினான். நான் பெட்டியின் கணக்கில் புதிதாக இரண்டு கட்டளை எழுதினேன். மூடி திறந்தால் ஊதாதே. மூடிய பிறகும் ஆறு நிமிடம் பொறுத்து, அதற்குப் பிறகு அளந்து பார். அந்தப் பகுதிக்குப் பெயரொன்று வைக்கவேண்டியிருந்தது. "சனம்" என்று வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, கருகின கதையைக் கேட்டு முந்தினதைவிடக் கூடச் சனம் வந்தது. நான் இலக்கத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், "திறவுங்கோ, வடிவாத் திறந்து பாருங்கோ," என்றேன். மூடி திறக்க இலக்கம் எண்பதுக்கு விழுந்தது. விசிறி மூச்சுக் காட்டவில்லை. மூடிப் பொறுத்திருந்தோம். நூறு, நூற்றைந்து, நூற்றுப்பத்து. அங்கேயே நின்றது. பிலோமினா அக்கா மட்டும் மூன்று தரம் திறந்தார். மூன்றாவது தரம் வேண்டுமென்றே. பன்னிரண்டரைக்கு யசிந்தா வந்ததும் வராததுமாக இலக்கத்தைப் பார்த்தாள்.

"எத்தினை பேர் அண்ணை?"

"பதினாலு."

அவள் சிரித்த சிரிப்பில் படுத்திருந்த அன்ரனி எழும்பி வந்துவிட்டான்.

ஐந்து மணிக்குச் சமையற்காரர் வந்தார். வந்தவர் நேரே போய் மூடியைத் தூக்கினார். நாங்கள் மூவரும் சிரிக்க, மனிதர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு நெடுநேரம் சப்பினார். யசிந்தா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு. கிழமைக்குக் கிழமை இதே பதம் வருமோ? உவர் போனாப் பிறகும்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஓம், வரும்," என்றாள். "எங்கடை அண்ணை செய்தது. அவர் இல்லாமலே வேலை செய்யும்."

எத்தனையோ வருடங்களாக எவ்வளவோ சாமான் இந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்படியொரு பெருமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கண் கலங்கியதை மறைக்கப் புகைக்குக் கிட்டப் போய் நின்றேன். அவர் இல்லாமலே வேலை செய்யும் என்ற சொல் கொஞ்சம் சுட்டது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இப்போது நோர்வேயில் பனிக்காலம். அந்தப் பெட்டி காட்டும் சூட்டை என் கைபேசியிலும் ஒரு கோடாகப் பார்க்கலாம். வியாழக்கிழமைகளில் தொழிற்சாலையில் காலை ஆறரை இடைவேளைக்குக் கையுறையைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அங்கே அப்போது பதினொரு மணி. நூற்றுப்பத்தில் நேராக ஓடும் கோட்டில் அங்கங்கே பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஓர் ஆள். சின்னப் பள்ளமென்றால் பிலோமினா அக்கா. அவர் சட்டென்று பார்த்து மூடிவிடுவார். இன்றைக்கு ஒரு பள்ளம் நல்ல ஆழம். யாரோ மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக, அவசரமில்லாமல் நின்று பார்த்திருக்கிறார்கள். யாரென்று கேட்க யசிந்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. அவள் குஞ்சுகளோடு முன்பள்ளியில் இருக்கிறாள். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம். அன்ரனி படுத்திருப்பான். ஆள் வந்த நிமிடம் எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது.

"வாங்கோ, இருங்கோ," என்று என் வாய் தானாகச் சொன்னது.

எதிரே கோப்பி குடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள்," என்றேன்.

"அப்படியென்றால் நீ வீட்டுக்குப் போகவேண்டாமா?" என்றார்.

மணியைப் பார்த்தேன். இடைவேளை முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.