உப்புக்காரி சொன்ன ஆமென்

எங்கள் வீட்டில் மழை என்பது கெட்ட வார்த்தை. உப்பளக்காரக் குடும்பத்தில் பிறந்து, உப்பளக்காரக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். வானம் கறுத்தால் மற்ற ஊர்களில் பஜ்ஜிக்கு மாவு கரைப்பார்களாம். இங்கே வீட்டில் பேச்சே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பரவாயில்லை. அப்போது உப்புப் பாத்திகளில் வேலை கிடையாது. தை பிறந்த பிறகு ஒரு நல்ல மழை விழுந்தாலும் எங்கள் பிழைப்பில் மண்தான். உலகமே மழைக்காக ஏங்க, நாங்கள் மட்டும் தூத்துக்குடி வெயிலை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கேட்கிற ஜாதி.

அந்த மாதக் கணக்கையெல்லாம் வானம் இப்போது மதிப்பதில்லை. ஒரு மார்கழியில் ஊரையே மிதக்க விட்டது. போன கார்த்திகையிலோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புரட்டாசியில் ஒரே ஒரு நாள் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனதோடு சரி.

எங்கள் உப்பளம் ஊருக்கு வடக்கே, வைப்பாற்றுப் பக்கம். கிழக்கே கடல். மேற்கே உடைமரமும் பொட்டலுமாக ஒரு காடு. காடு என்று சொன்னால் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதில் வெளிமான்கள் இருக்கின்றன. கார்த்திகை மழையில் முளைக்கிற புல்லை வைத்துத்தான் அவை கோடையை ஓட்டும். புரட்டாசியில் ஏமாந்து முளைத்த புல், விரலளவு வளர்வதற்குள் கருகிப்போனது. சீமைக் கருவேலம் என்கிற சீமை உடைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, அது எந்த ஆட்சியிலும் செழிக்கும்.

பங்குனியில் ஒருநாள் கங்காணி போன் செய்தார். உப்பளத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் அவர். அங்கே தன்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

“எம்மா, மான் வந்து வரப்புல நிக்குது. உமரியத் திங்குது.”

“மான் உமரியத் திங்காதே?”

“அது மானுக்குத் தெரியணும்லா.”

உமரி எங்கள் வரப்புகளில் தானாக மண்டுகிற செடி. உருண்டு தடித்த சின்ன இலை. உப்புத் தண்ணீரைக் குடித்தே வளர்வதால் கடித்தால் கரிக்கும். மாடுகூட மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போகும். ஆட்களில் சிலர் பறித்துக்கொண்டு போய், அவித்து, தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுக் கடைவார்கள். மானுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை.

நான் போனபோது ஒரு பெட்டைமான் நின்றது, பக்கத்தில் ஒரு குட்டி. கூட வந்த மற்றவை எங்களைப் பார்த்ததும் பறந்துவிட்டன. இது ஓடவில்லை. குட்டியால் ஓட முடியாது என்பதால் இதற்கும் ஓட வழியில்லை. விலா எலும்பு வரிவரியாகத் தெரிய, உமரியைப் பிடுங்கித் தின்றது. பிறகு பாத்தியில் இறங்கி வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது. கடல் தண்ணீரே குடிக்க ஆகாது. பாத்தியில் நிற்பது அதைக் காய்ச்சி இறுக்கிய தண்ணீர். தின்னவும் உப்பு, குடிக்கவும் உப்பு.

ஆட்கள் குடிப்பதற்காக லாரியில் வருகிற தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு பழைய தொட்டியில் ஊற்றி, வரப்போரம் வைக்கச் சொன்னேன். கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாளைக்கு அதுக்குக் காப்பியும் போடணுமா, எம்மா?”

வீட்டில் அதைவிட மோசம். “ஏளா, நீ உப்பளம் நடத்துதியா, சர்க்கஸ் நடத்துதியா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“சர்க்கஸ்ல டிக்கெட்டாவது கிழிக்கலாம். நீங்க ஏன் கவலப்படுதிய?” என்றேன்.

தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அது வந்தது. உமரி தின்றது, தொட்டியில் குடித்தது, குட்டிக்குப் பால் கொடுத்தது. பேதியும் கண்டது. ஒரு கட்டத்தில் பால் போதாமலோ என்னவோ, குட்டியும் தாயைப் பார்த்து உமரியைக் கொறிக்க ஆரம்பித்தது. எப்படியோ செய்தி பரவி, சென்னையிலிருந்து ஒரு கனவான், தன் கையைவிட நீளமான கேமராவோடு வந்து சேர்ந்தார். நாள் பூராவும் படம் எடுத்தார். “பாருங்க மேடம், அடாப்டேஷன்! புல் இல்லைன்னா உப்புச் செடி. இயற்கை எப்படியாவது வழி கண்டுபிடிச்சிடும்” என்று பூரித்தார். அவருக்கு மத்தியானம் சோறும் மீன்குழம்பும்தான் போட்டேன். உமரியை அவிக்காமல் ஒரு தட்டு வைத்து, அவர் எப்படி வழி கண்டுபிடிக்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும்.

சித்திரையில் தாய்மான் இன்னும் இளைத்தது. ஒருநாள் தொட்டிவரை வந்து, குடிக்கக்கூட மனமில்லாமல் அப்படியே படுத்துக்கொண்டது. இனிமேலும் உமரியையே தின்றால் அது பிழைக்காது என்று எனக்குப் பட்டது. புல் வேண்டும். புல்லுக்கு மழை வேண்டும். மழை பெய்தாலோ எங்கள் வருஷ உப்பு போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பூசை முடிவில் மழைக்காக ஒரு விசேஷ ஜெபம் என்றார் எங்கள் பங்குச் சாமியார். அவர் மாற்றலாகி வந்த புதுசு. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், காய்ந்த பூமியில் வளர்ந்தவர், பாவம், அவருக்கு எங்களைத் தெரியாது. எங்கள் கோயிலில் பாதிப்பேர் உப்புக்காரர்கள். இம்மாதிரி சமயங்களில் நாங்கள் வாயை மட்டும் அசைப்போம், சத்தம் வராது. என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், ‘அணைக்கட்டுப் பக்கமா பெய்யட்டும் ஆண்டவரே, இங்கன வேண்டாம்’ என்று முணுமுணுத்து, ஆண்டவருக்கு வழியும் காட்டிவிடுவார்.

சாமி ஜெபத்தை முடித்தார். எனக்குப் படுத்துக் கிடந்த அந்த மான்தான் கண்ணில் நின்றது. “ஆமென்” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர், தனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒரு முழம் தள்ளி நின்றார்.

வைகாசியில் மழை கொட்டியது. தூறல் இல்லை, விடாத மழை. பாத்திகளில் விளைந்து நின்ற உப்பு கரைந்து, வந்த வழியே கடலுக்குப் போனது. வாரிக் குவித்திருந்த அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியும் பாதிதான் மிஞ்சியது. எனக்கு வலித்தது. மானுக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், உட்கார்ந்து அழுதேன்.

துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் வந்தார்கள். வங்கக்கடலில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தாழ்வு மண்டலம் என் குரல் கேட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பியதாம். பக்கத்து உப்பளத்து அண்ணாச்சி காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “அடுத்த தடவ கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து உப்பளத்துக்குப் போனேன். வரப்புகள் உடைந்து, எங்கும் சேறு. ஆனால் மேற்கே பொட்டல் முழுக்கப் பச்சை. அதன் நடுவில் தாய்மான் உயிரோடு நின்றது. தலையைத் தூக்காமல் புல் மேய்ந்தது. உப்பு போனால் போகிறது என்று அந்த நிமிஷம் நிஜமாகவே தோன்றியது.

குட்டியை அதன் பக்கத்தில் காணோம். தேடினால் அது உடைந்த வரப்பின்மேல் நின்றது. சேற்றில் படிந்து கிடந்த உமரியைக் காலால் கிளறிக்கொண்டிருந்தது. தாய் குரல் கொடுத்ததும் ஓடிப் போனது, புல்லை மோந்தது, தும்மியது. மறுபடியும் வரப்புக்கே வந்து, மண் ஒட்டிய உமரியை இழுத்துத் தின்றது. தாய் மறுபடி கூப்பிட்டது. குட்டி மறுபடி போய் மோந்துவிட்டுத் திரும்பி வந்தது.

“அவ்வளவு புல்லு கெடக்கு, இது ஏன் இங்கன வருது?” என்றார் கங்காணி.

“பொறந்ததுலருந்து அது புல்லப் பாத்ததில்ல. உமரிதான் தீனின்னு நெனச்சிக்கிட்டிருக்கு.”

கங்காணி மேலே பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, எங்கள் பழைய வெயில் சுள்ளென்று திரும்பி வந்திருந்தது.

“போகப் போகப் பழகிரும், எம்மா.”

“அதுக்குள்ள புல்லு காஞ்சிருமே” என்றேன்.