ஸ்டாண்ட்ஸ்டில் போகும் வழி

பெங்களூரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு பழைய தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில். அங்கே காலை ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். சில நாள் ரயில் வழியில் நின்றுவிடும். சில நாள் நான் தூங்கிவிடுவேன். இரண்டுக்குமே மேனேஜரிடம் "ட்ரெயின் லேட் சார்" என்றுதான் போனில் சொல்லிவந்தேன்.

கூடவே பயணம் செய்யும் அக்கா ஒருவர், ஆண்டர்சன்பேட்டையில் கான்வென்ட் படிப்பு படித்தவர், அதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"இன்னாமா லேட்டு, லேட்டுன்னுக்கினு? ஸ்டாண்ட்ஸ்டில்னு சொல்லு."

"ஸ்டாப்னு சொன்னா ஆவாதாக்கா?"

"ஸ்டாப்புன்னா நின்னு ஆள ஏத்திக்கினு கெளம்பிடும். ஸ்டாண்ட்ஸ்டில்னா ஆடாம அசையாம அப்டியே நிக்கறது. ட்ரெயினுக்கும் சொல்லலாம், வேலைக்கும் சொல்லலாம். முன்னாடி 'அட் எ' போட்டுக்கோ."

மறுநாளே போட்டுக்கொண்டேன். புதிதாக வந்திருந்த மேனேஜர் மங்களூர்க்காரர். திட்டவே இல்லை, "சரி, வாங்க" என்றார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒருநாள் போர்வைக்குள் இருந்தபடியே ரயிலை ஸ்டாண்ட்ஸ்டிலில் நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, கன்னடத்தில் அக்கறையாகக் கேட்டார்: "அந்த ஸ்டாண்ட்ஸ்டிலில் ரயில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது? பெரிய ஊரா?"

சாம்பியன் என்றும் கோரமண்டல் என்றும் ஸ்டேஷன்கள் உள்ள பாதையில் அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். நாக்கு கேட்கவில்லை.

"சின்ன ஊர்தான் சார். ஆனா ஜங்ஷன்."

"பார்க்க ஏதாவது உண்டா?"

"ஒரு பழைய சர்ச் இருக்கு சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன். மனைவியோடு, எங்கள் பாதை பிரியும் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் நிற்கிறாராம். ஸ்டாண்ட்ஸ்டிலுக்கு டிக்கெட் கேட்டால் கவுன்டரில் சிரிக்கிறார்களாம்.

"கோரமண்டலுக்கு எடுங்க சார். எங்க வீட்டுல சாப்பிடலாம்."

வந்தார்கள். அவர் மனைவி பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் என்பது அப்போதுதான் தெரிந்தது. கவுன்டரிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. புருஷனிடம் சொல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு ரயிலேறியிருக்கிறார். வாசலில் என்னைக் கண்டதும் அடக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், போர்வையைத் தவிர. மேனேஜர் காது சிவக்க, தலை நிமிராமல் கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டார். கை கழுவும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆபீஸில் யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரிய வேண்டாம்."

திங்கட்கிழமை முதல் என் வேலை நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினார். தண்டனையா தயவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பத்தரைக்கும் ஒருநாள் தாமதமாகத்தான் போனேன். வயிற்றுவலி என்று, சந்தேகத்துக்கே இடமில்லாத கன்னடத்தில் சொன்னேன்.