கிட்டாருக்குப் பிறகு

பிற்பகல் 4.10. கல்முனைச் சந்தைக்கு முன்னால் நின்ற ஆட்டோவின் ஒலிபெருக்கிமேல் ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அதனடியில் அந்தப் பாட்டுத் தொடங்கியது.

தொண்ணூறுகளில், நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணன், அதைப் பாடிய ரொக் இசைக்குழுவின் புதுப் பாட்டு அல்பத்தைக் கொழும்பில் கசெட்டில் பதிந்து வந்தார். "போன அல்பம் வெறும் சத்தம். இதிலதான் கிட்டார் கதைக்குது" என்பார்.

"அது கதைக்கும், நீ சோத்தத் தின்னு" என்பார் ராத்தா, எங்கள் அக்கா.

எங்கள் தாயான உம்மா சவூதியில் வேலை செய்தார். கடிதத்துக்குப் பதிலாக எங்கள் குரல்களைக் கசெட்டில் பதிந்து, போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் சவூதிக்குப் புறப்படுகிறார். கடையடைப்பு என்பதால் வெற்றுக் கசெட் கிடைக்கவில்லை. யாரும் அழித்துப் பதியாதபடி தானே உடைத்துவைத்த அந்த அல்பக் கசெட்டின் மூலையில் காக்கா கடதாசியை அடைத்தார். இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டான இதே பாட்டைக் கிட்டார் முடியும்வரை ஓடவிட்டு நிறுத்தினார்.

"இதிலிருந்து நீ கதை, தம்பி. உம்மா காத்திருப்பா."

அடுத்து வந்த கசெட்டில் உம்மா சொன்னார்: "அந்தப் பாட்டுக்காரன் பாவம் மகன். முடிக்க உடாம நீ கதைக்கத் தொடங்கிட்டாய்."

ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தவில்லை. கிட்டாருக்குப் பிறகு இன்னொரு சரணம் இருக்கிறது.