இனிஷியல் இல்லாத வரி

கைப்பேசியில் தொடர்பு எண்களைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு # குறி வருகிறதல்லவா? எந்த எழுத்திலும் சேராதவையெல்லாம் அதன் கீழே உட்கார்ந்திருக்கும். நேற்று பிளம்பரைத் தேடப் போய் அதைப் பார்த்தேன். பிளம்பர் கிடைக்கவில்லை, பேச்சியம்மாள்தான் நினைவுக்கு வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்கு, மிச்சக் குளிர் எங்களுக்கு. சி மொழியில் நாலு புரோகிராம் எழுதிவிட்டதால் நான் பெரிய ஆள் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஒரு நூல் மில்லில் கிளார்க் வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். விண்ணப்பித்தவர்களின் பட்டியலை எழுத்துவாரியாகப் பிரித்து அச்சடித்துத் தருவது எங்கள் வேலை. நம் வழக்கப்படி இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். என் புரோகிராம் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தை மட்டும் பார்க்கும். ஏ என்றால் ஒரு தாள், பி என்றால் ஒரு தாள், இப்படியே இசட் வரை. புரோகிராம் மொத்தமே பத்து வரி. அந்தப் பத்து வரியின் பெருமையை டீக்கடை வரைக்கும் பேசித் தீர்த்திருக்கிறேன்.

பரீட்சையன்று மில் வாசலில் தாள்களை ஒட்டியதும் நானே. விரலெல்லாம் பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கூமாப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஒரு பெண், எல்லாத் தாள்களையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு மேலாளரிடம் போனார்.

"பேரு பேச்சியம்மாள் சார். அப்ளிகேஷன் போட்டிருக்கேன்."

"இனிஷியல் என்னம்மா?"

"இல்ல சார்."

"அதெப்படி இல்லாமப் போவும்? அப்பா பேரு என்ன?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. "அம்மா மட்டுந்தான் சார்" என்றார், தரையைப் பார்த்து.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. டைப் செய்தவர் இனிஷியல் இடத்தை வெற்றிடமாக விட்டிருக்கிறார். முதல் இடத்தில் எழுத்தே இல்லாத வரி, ஏ முதல் இசட் வரை எந்தத் தாளிலும் விழாது.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, கம்ப்யூட்டர்ல விட்டுப்போச்சோ?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார். ஃபாரத்தைச் சரியா எழுதியிருக்க மாட்டாவ."

சொன்னது நான்தான். மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர், மடியில் பரீட்சை அட்டையோடு. எங்கள் ஊர் வர அரை மணி நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குறை தன்னிடம் இல்லை, எவனோ ஒருவனின் பத்து வரியில்தான் என்பதாவது தெரிந்து வீட்டுக்குப் போயிருப்பார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன்: எழுத்தே இல்லாதவர்களுக்கும் ஒரு தாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த மாடியறையில் கைப்பேசிக் கடை. மில் மூடிக் கிடக்கிறது. ஓரமெல்லாம் துளை போட்ட அந்தத் தாளும் இல்லை, ரிப்பனும் இல்லை. கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்று நம்பிய ஜனங்களும் போய்விட்டார்கள். இன்று அந்தப் பொய்யைச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. நான் தப்பித்துவிட்டேன்.