புங்க மரத்துக்குப் பதினாறு படங்கள்

அந்தப் பங்குனியில் நான் ஒரு புங்க மரத்தைத் தினமும் படம் பிடித்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அப்போதும் தெருவே சிரித்தது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். சேலத்தைக் காலி செய்துகொண்டு போன ஒரு துரை வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கிவந்தேன். அதோடு தலைக்கனமும் சேர்ந்தே வந்தது. ஊரில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

புங்க மரம் மாசிக் கடைசியில் மொட்டையாக நிற்கும். பதினைந்து இருபது நாள் கழித்துப் பார்த்தால் மரம் முழுக்கப் பச்சை. நடுவில் என்ன நடக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை, நான் பார்த்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். தினமும் காலை எட்டு மணிக்கு என் வீட்டு வாசற்படியில் நின்று ஒரே ஒரு படம். ஒரு சுருளுக்கு எட்டுப் படம் வரும். சுருள் தீர்ந்ததும் சேலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், ஸ்டூடியோவில் கழுவி ஐந்தாறு நாளில் அதே பஸ்ஸில் திரும்பி வரும்.

மரம் நின்றது என் அக்கா வீட்டை ஒட்டி. தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. மாமா தறி நெய்கிறவர். அவர்களுக்கு ஒரே பெண், ஒன்பது வயது. என் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், சாயங்காலம் அந்தப் பெண் கையில் குழம்புச் சட்டியைக் கொடுத்து அக்கா அனுப்புவாள்.

நான் கேமராவோடு நின்ற முதல் நாளே அக்கா கேலி செய்தாள்.

"ஏஞ்சாமி, மனுசங்க இத்தன பேரு இருக்கறோம், போயும் போயும் மரத்தப் புடிக்கறியே. அது என்ன உனக்குக் காசா குடுக்கப் போவுது?"

தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு இதெல்லாம் புரியாதக்கா" என்றேன். சின்ன விஷயம்தான். ஆனால் நாலைந்து நாளில் குழம்புச் சட்டி வருவது நின்றுபோனது. அக்காவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கோபம் என்றால் கோபமாகவே இருக்கட்டும், யார் முதலில் பேசுகிறார்கள் பார்க்கலாம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். இருபது தப்படி தூரம். போய் என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாத்தியார் அல்லவா, எப்படிப் போவேன்?

பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் மரம் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும். கிளை நுனியில் தளிர் வந்திருக்கிறதா, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் என் கவலை. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிறவரைக்கும் அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

பத்தாவது படம் எடுத்த அன்று மாரியம்மன் கோவிலில் நோன்புத் திருவிழா தொடங்கப் பூச்சாட்டினார்கள். பூச்சாட்டிவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கும். நோன்பு முடியும்வரை ஊரில் இருப்பவர்கள் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. தெரு முழுக்க வேப்பிலையாகிவிட்டதால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இரண்டு சுருளும் கழுவி வந்தன. பதினாறு படங்களையும் ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதி, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. மொட்டைக் கிளையில் தளிர் புள்ளி புள்ளியாகத் தொடங்கி மரத்தை மூடிக்கொண்டு வருவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன், எத்தனையோ முறை.

மூன்றாவது சுருள் தீரும் சமயத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் பிள்ளைகளுக்கு அம்மை குத்த வந்தார். ஆத்தூருக்கும் கிழக்கேயிருந்து வந்தவர், பேச்சே வேறு மாதிரி இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவரை இழுத்துக்கொண்டுபோய் அட்டையைக் காட்டியவன் நான்தான். அவர் வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பூச்சாட்டு என்னிக்கு, சார்?" என்று கேட்டார்.

பத்தாவது படத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்போ இந்த வீட்டு நிலையில நாலாவது படத்திலேருந்தே வேப்பிலை இருக்கே? பாருங்க, காஞ்சத எடுத்துட்டுத் தினமும் புதுசு வச்சிருக்காங்க."

பார்த்தேன். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. அக்கா வீட்டுக் கதவு நிலையில் கறுப்பாக ஒரு கொத்து. ஒரு நாள் கொத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மறுநாள் வலப்பக்கம். மற்ற வாசல்களில் ஒன்றுமில்லை. அதற்கு என்ன பொருளென்று எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். அந்த வீட்டில் அம்மா வந்திருக்கிறாள். "அது யார் வீடு?" என்று கேட்டவர் என் பதிலுக்கு நிற்கவில்லை. மரத்தைத் தேடிக்கொண்டு அவரே போய்விட்டார்.

அக்கா மகளுக்குத்தான் அம்மை. வெளியே தெரிந்தால் நூல்காரர் நெய்யப் பாவு நூல் தரமாட்டார், தறி நின்றுவிடும், பெண்ணையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று மாமா மூடி மறைத்திருக்கிறார். அம்மை இறங்க ஊற்றும் மூன்று தண்ணீரில் இரண்டு ஊற்றியாகிவிட்டது. மூன்றாவது தண்ணீருக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முத்துக்கள் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன. அதையெல்லாம் சட்டம் கேட்குமா? மாட்டுவண்டியில் போட்டு உச்சி வெயிலில், எல்லைக்கு அப்பால் அம்மை கண்டவர்களை ஒதுக்கி வைக்கும் ஏரிக்கரைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பூச்சாட்டின பிறகு எல்லை தாண்டுகிறார்களே என்று ஊர்ப் பெரியவர்கள் கூச்சல் போட்டார்கள். பெண்ணைப் பற்றி ஒருவர் வாயும் திறக்கவில்லை. மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. மறுநாளே காய்ச்சல் திரும்பி வந்து, மூன்றாம் நாள் விடியலில் பெண் போய்விட்டாள். அம்மா கொண்டுபோன உயிருக்கு வாய்விட்டு அழக்கூடாது என்பது வழக்கம். அழாமலே புதைத்தார்கள்.

தெருவில் எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். வேறு யாருக்கும் வரவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். என்னிடம் அது எடுபடவில்லை, இன்றுவரைக்கும்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு அக்கா தெருவைத் தாண்டி என் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நீ காட்டிக் குடுத்துட்டேன்னு ஊரு சொல்லுது. நான் அப்பிடிச் சொல்லமாட்டேன் சாமி. காட்டிக் குடுக்கோணும்னா மொதல்ல உன்ற கண்ணுல பட்டிருக்கோணுமில்ல?"

அவள் தன் வீட்டு நிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஊட்டுக்குள்ள தழை வெச்சாப் போதும், வாசல்ல வேண்டாம்னு உங்க மாமா சொன்னாரு. உங்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, நீ சர்க்காரு சம்பளம் வாங்கறவன்னு. நாந்தான், எந்தம்பி தெனமும் எட்டு மணிக்கு இந்தப் பக்கமாவே நின்னு பாக்கறானே, தழையக் கண்டா ஓடியாருவான்னு நிலையில சொருகுனேன். வாடுனா உனக்குத் தெரியாதுன்னு தெனமும் புதுசு சொருகுனேன், மத்தவங்க கண்ணுல படாம நீ உள்ள போனதும் உருவிக்குவேன். கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டே இருப்பேன். நீ பொட்டிக்குள்ள தலையக் கவுத்துட்டு நின்ன. அப்பறம் உள்ள போயிட்ட. தெனமும் அப்பிடியே. அத்தன நாளும் என்னத்தத்தான் சாமி பாத்த?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மரத்தப் பாத்தேங்க்கா" என்றேன்.

"சரி" என்று எழுந்து, தெருவைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு பதினான்கு வருடம் எதிரும் புதிருமாக இருந்தோம். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்தச் சரிதான்.